தடம் பதியாத மண்

மலைக்கு மேற்கே, ஓடையும் குளங்களும் நிறைந்த பசுங்காடு. கிழக்கே, மழை எட்டிப் பார்க்காத முட்காடு. அந்த முட்காட்டில் ஒரு வெளிமான் தன் குட்டியோடு வாழ்ந்து வந்தது. தண்ணீர் வேண்டுமானால் மலையைச் சுற்றிக்கொண்டு மேற்கே போக வேண்டும். போய்வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். கோடை முற்றியபோது குட்டியின் கால்கள் தளர்ந்தன. இனி அவ்வளவு தொலைவு அதனால் நடக்க இயலாது.

அப்போது அரசனாகிய யானை அறிவித்தது: “புதிதாக ஒரு குளம் வெட்டப்போகிறேன். தேவை மிகுந்த இடத்திலேயே வெட்டுவேன். என் ஆட்சியில் ஓரவஞ்சனை கிடையாது!”

வெளிமானுக்குப் போன உயிர் திரும்பியது. மேற்கே குளக்கரையில் கூடிய சபைக்கு ஓடோடிச் சென்றது.

தேவையை அளக்கும் பொறுப்பு மந்திரியாகிய நாரைக்கு. அது சொன்ன வழி எல்லோருக்கும் நியாயமாகவே பட்டது.

“தாகம் கொண்டவர் தண்ணீரைத் தேடி வருவார். வந்தவர் கால்தடம் கரையில் பதியும். எந்தப் பக்கம் தடம் மிகுதியோ, அந்தப் பக்கமே தேவை மிகுதி!”

“மந்திரியாரே, எங்கள் பக்கம் குளமே இல்லையே! கரை இல்லாமல் தடம் எங்கே பதியும்?” என்றது வெளிமான்.

“தடம் இல்லையென்றால் தாகம் இல்லை என்றுதானே பொருள்?”

“இந்தக் கரையில் உள்ள தடங்களில் பாதி எங்களுடையவை ஐயா! இதோ, இது என் குளம்பு!”

சேற்றில் கிடந்த எருமை சிரித்தது. “குடிப்பது எங்கள் தண்ணீர், கேட்பது தனிக் குளமா? இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குகிறாயே, அம்மா!”

“தடம் எந்த மண்ணில் பதிந்ததோ, அந்த மண்ணின் கணக்கிலேயே அது சேரும்” என்று நாரை முடித்துவிட்டது.

வெளிமான் சோர்ந்துவிடவில்லை. முட்காட்டு முயல்களையும் நரிகளையும் பன்றிகளையும் அழைத்தது.

“வாருங்கள்! வற்றிய பள்ளத்தைச் சுற்றி மிதிப்போம். தடம்தானே கேட்கிறார்கள்? காட்டுவோம்!”

குளம்பு தேய, பாதம் புண்ணாக, எல்லாம் மிதித்தன.

மறுநாள் தடங்களைக் கணக்கெடுக்க நாரை கிழக்கே வந்தது. தரையில் இறங்கவில்லை. பாறையாய் இறுகிய அந்த நிலத்தை வானிலிருந்தே ஒருமுறை வட்டமிட்டுப் பார்த்தது.

“ஒரு தடமும் காணோமே!”

“ஐயா, தடம் பதிய ஈரம் வேண்டும்! அந்த ஈரத்தைத்தானே கேட்கிறோம்!”

“உங்களுக்கு மட்டும் விதியைத் தளர்த்தினால் அதுவே ஓரவஞ்சனை!” என்று சொல்லி நாரை பறந்துபோனது.

புதிய குளம் மேற்கிலேயே வெட்டப்பட்டது. எருமை அதில் ஆசைதீரப் புரண்டது.

வேறு வழியின்றி வெளிமான் குட்டியை மேற்கே நடத்திச் சென்றது. பாதி வழியில் குட்டி மண்டியிட்டது. தாய் நக்கிக் கொடுத்தது. முட்டி முட்டி எழுப்பியது.

“இன்னும் கொஞ்ச தூரம்தான், கண்ணே!” என்று பொய் சொன்னது.

குட்டி எழவில்லை.

தாய் மட்டுமே கரையை அடைந்தது. மனம் மறுத்தது, வறண்ட நாக்கு கேட்கவில்லை. குனிந்து குடித்தது. புதுக்குளத்துச் சேற்றில் அதன் குளம்புகள் ஆழப் பதிந்தன.

நாரை அவற்றைப் பெருமையோடு யானைக்குக் காட்டியது. “பார்த்தீர்களா, அரசே! குளம் வெட்டிய பிறகும் இங்கே தேவை கூடிக்கொண்டே போகிறது. அடுத்ததையும் இங்கேயே வெட்டுங்கள்!”

யானை நல்ல மனத்தோடு தலையசைத்தது.

வளம் கொழிக்கும் கரையில் நின்றுகொண்டு வறண்ட நிலத்தின் தேவையை அளக்கும் அரசு, எத்துணை நல்லெண்ணம் கொண்டதாயினும், உள்ளவருக்கே மேலும் ஊட்டி இல்லாதவரைச் சாகவிடும். ஆகவே ஆள்வோரே, அளக்கும் முன் இல்லாதவர் மண்ணில் இறங்கி நில்லுங்கள்!