ஜாமீனுக்கு என்ன அர்த்தம்

"எல்லா வார்த்தையும் எனக்குத் தெரியும் மேடம். ஆனா நான் சொன்னா ஒரு கட்சிக்காரருக்கும் புரிய மாட்டேங்குது," என்றார் சிதம்பரதாணு.

குறை சொன்னவருக்கு வயது அறுபத்தொன்று. கேட்டுக்கொண்டிருந்த குரு, வக்கீல் ஜெபமணிக்கு முப்பத்தாறு.

சிதம்பரதாணு தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அதோடு பேசாமல் வீட்டில் இருந்திருக்கலாம். மனுஷன் பேரப்பிள்ளை வயதுப் பிள்ளைகளோடு மூன்று வருஷம் சட்டக் கல்லூரி பெஞ்சில் உட்கார்ந்து படித்து, கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு, ஜெபமணியிடம் ஜூனியராக வந்து சேர்ந்துவிட்டார். கோர்ட்டில் எல்லோருக்கும் அவர் ஹெச்செம் சார்தான்.

அவரிடம் ஒரு நோட்டு இருந்தது. வார்த்தை சிவப்பு மையில், அர்த்தம் நீல மையில். ரிமாண்ட், வாய்தா, குற்றப்பத்திரிகை, பிடியாணை என்று இருநூற்றுப் பன்னிரண்டு வார்த்தைகள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரிசை மாறாமல் சொல்லுவார்.

"யாருக்குப் புரியலை?" என்று கேட்டாள் ஜெபமணி.

"பூரணம் அம்மாவுக்கு."

பூரணம் பீடி சுற்றுகிறவள். அவள் மகன் சுடலைமுத்து மூன்று சக்கர வண்டியில் தண்ணீர் கேன் போடுகிறவன். லாரி பேட்டரி திருடினான் என்று பிடித்து, ரிமாண்ட் செய்து, கிளைச் சிறையில் வைத்திருந்தார்கள்.

"முந்தாநாள் ஜாமீன் கிடைச்சதும் அந்தம்மாகிட்ட என்ன சொன்னீங்க சார்?"

"ரத்த உறவினர் ஒருவர், வெளி நபர் ஒருவர், ஆக இரு நபர் பிணையத்தின் பேரில் பிணை வழங்கப்பட்டதுன்னு சொன்னேன்."

"அப்படியேவா?"

"ஒரு சொல் மாறாம."

ஜெபமணி ஜன்னல் வழியாகக் காட்டினாள். கோர்ட் படிக்கட்டில் பூரணம் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு புதுச் சட்டை, கடைப் பையோடு.

"நேத்துக் காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் அந்தச் சட்டையோட ஜெயில் வாசல்ல நின்னிருக்காங்க. வழங்கப்பட்டதுன்னா விட்டுருவாங்கன்னு நினைச்சுட்டாங்க."

முப்பது வருஷத்துக்கு மேல் பாடம் நடத்தியவருக்கு ஒரு தாயிடம் ஒரு வாக்கியத்தைச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

"நாளையில இருந்து பொங்கல் லீவு. நாலு நாள் கோர்ட் கிடையாது," என்றாள் ஜெபமணி. "இன்னைக்கு நாலு மணிக்குள்ள ஜாமீன்தார் ரெண்டு பேரும் ஜட்ஜ் ஐயா முன்னால நிக்கணும். ரத்த உறவுக்கு அந்தம்மா இருக்காங்க. வெளியாள் ஒருத்தர் வேணும்."

"நான் நிக்கிறேன் மேடம்."

"வக்கீல் தன்னோட கட்சிக்காரருக்கு ஜாமீன் நிக்கக் கூடாது. உங்க நோட்டுல இல்லையா?"

இருந்தது. நூற்று நாற்பதாவது வார்த்தைக்குக் கீழே, குறிப்பாக.

"சரி, ஜாமீன்னா என்ன சார்?"

அவர் நோட்டைத் திறக்கவே இல்லை. "காவலில் உள்ள நபர், விசாரணைக்குத் தவறாது ஆஜராவார் என்ற பிறர் உறுதியின் பேரில் விடுவிக்கப்படுதல்."

"இல்லை," என்றாள் ஜெபமணி. நோட்டை வாங்கி மேஜையில் வைத்து, அதன் மேல் தன் டிபன் பாக்ஸை வைத்தாள். பாதி எலுமிச்சைச் சோற்றை மூடியில் எடுத்து அவர் பக்கம் தள்ளினாள். "சாப்பிட்டுட்டுப் போய் ஆளைக் கூட்டிட்டு வாங்க."

பூரணத்தின் தெருவில் அவர் ஏழு வீடு ஏறினார்.

ஏழு வீட்டிலும் உள்ளதை உள்ளபடி சொன்னார். ஜாமீன்தாரின் பொறுப்பு, வாய்தாவுக்கு ஆள் வராவிட்டால் அவருக்கு வரும் நோட்டீஸ், கட்ட வேண்டிய தண்டம், ஒன்றையும் விடவில்லை. அவர் எவ்வளவு தெளிவாகச் சொன்னாரோ அவ்வளவு வேகமாகக் கதவு சாத்தப்பட்டது. கடைசி வீட்டுக்காரர் மட்டும் மரியாதையாக, "நீங்க நல்லா வெளக்கமாச் சொல்லுதீங்க சார். அதனாலதான் பயமா இருக்கு," என்றார்.

திரும்பி வரும்போது கோர்ட் வாசல் ஜெராக்ஸ் கடை முன்னால் ஒருவர் அவரை நிறுத்தினார். வெள்ளை வேட்டி, கையில் பிளாஸ்டிக் கவர். யார் கூப்பிட்டாலும் வந்து ஜாமீன் நிற்பதே அவருக்குத் தொழில்.

"ஆள் தேடுதியளோ? பையன் பேரு, அப்பன் பேரு, தெருப் பேரு சொல்லுங்க. போதும்."

சிதம்பரதாணு சொன்னார். வேறு வழி தெரியவில்லை. அந்த ஆள் கண்ணை மூடி இரண்டு தடவை முணுமுணுத்துவிட்டு, "ரெடி," என்றார்.

சிதம்பரதாணு அவரை ஜெபமணி முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்.

"யாருக்கு நிக்கிறீங்க?" என்று கேட்டாள் ஜெபமணி.

"சுடலைமுத்து, தகப்பனார் லேட் இசக்கி, நம்பர் பதினாலு, வடக்குப் புதுத் தெரு. சின்ன வயசுல இருந்தே நல்லாத் தெரியும்மா."

கடகடவென்று வந்தது. ஒரு பிசிறு இல்லை.

ஜெபமணி சிரித்தாள். "நீங்க போங்கண்ணே, வேண்டாம்."

ஆள் போனதும் சிதம்பரதாணுவுக்குக் கோபம் வந்துவிட்டது. "மணி ரெண்டேகால் மேடம். அவருக்கு என்ன குறை?"

"ஒரு குறையும் இல்ல சார். அவரும் உங்களை மாதிரிதான். எல்லாம் மனப்பாடம்."

வேறு யாராவது சொல்லியிருந்தால் அவர் கோட்டைக் கழற்றி வீசிவிட்டுப் போயிருப்பார். அவள் சொல்லிவிட்டு, மேஜையில் இருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவர் கையில் கொடுத்தாள். வெயிலில் அலைந்தவருக்கு அது தேவையாக இருந்தது. குடித்தார். குடித்து முடித்தபோது கோபம் இல்லை, வெட்கம்தான் மிச்சம் இருந்தது.

"சுடலைமுத்து எப்படி இருப்பான் சார்?" என்று மெதுவாகக் கேட்டாள்.

அவருக்குத் தெரியாது. வழக்கு எண் தெரியும். எந்தெந்தப் பிரிவு என்று தெரியும். அவன் கறுப்பா சிவப்பா என்று தெரியாது.

அவர் எழுந்து போய்ப் படிக்கட்டில் பூரணத்தின் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"தப்பு என் மேலதாம்மா. உங்களுக்குப் புரியுற மாதிரி நான் சொல்லலை."

அவள் படியில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

"உங்க பையன் எப்படிம்மா?"

இதுவரை யாரும் அவளிடம் இதைக் கேட்டதில்லை. போலீஸ் கேட்கவில்லை, கோர்ட்டும் கேட்கவில்லை. அவள் சட்டை இருந்த கடைப் பையைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"சரியான சோம்பேறி சார்," என்றாள் கடைசியில். "ஒரு சோலிக்கும் நேரத்துக்குப் போக மாட்டான். பத்து மணிக்குத் தண்ணி கேட்டா பன்னெண்டு மணிக்குத்தான் வண்டிய எடுப்பான். பஜார்ல எல்லாரும் ஏசுவாவ. அந்த உதுமான் டெய்லர் ஏசாத நாளு கெடையாது."

"அப்புறம் ஏன் அவன்கிட்டயே வாங்குறாங்க?"

பூரணம் அவரை ஒரு மாதிரிப் பார்த்தாள். ஹெச்செம்முக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று.

"லேட்டாத்தான் வருவான் சார். வராம இருந்தது கெடையாது."

சிதம்பரதாணு எழுந்தார். அந்த வயதில் அந்தப் படிக்கட்டை அவ்வளவு வேகமாக அவர் இறங்கியிருக்க வேண்டியதில்லை.

உதுமான் டெய்லர் கடையில் பொங்கல் துணி மலையாகக் குவிந்திருந்தது. உதுமான் காலை மிஷினில் இருந்து எடுக்கவில்லை.

"எந்தத் துணியும் நாளைக்குத்தான் சார்."

"துணிக்கு வரலைங்க. தண்ணி கேன் சுடலைமுத்துக்காக வந்தேன்."

மிஷின் நின்றது. "அவன் எங்க சார்? மூணு வாரமா வேற ஒரு பய தண்ணி போடுதான். நேரத்துக்கு வாரான், ஆனா ஒரு நாள் வந்தா ரெண்டு நாள் ஆளக் காணோம்."

சிதம்பரதாணு சொன்னார். இந்தத் தடவை சின்னச் சின்ன வார்த்தையாகச் சொன்னார். பையன் ஜெயிலில் இருக்கிறான், வழக்கு நடக்கும், கோர்ட் கூப்பிடும் நாளில் எல்லாம் அவன் வர வேண்டும், வராவிட்டால் உங்களைத்தான் கேட்பார்கள்.

உதுமான் மிஷின் ஊசியில் நூலை மறுபடி கோத்தார். "பேட்டரிய எடுத்தானா எடுக்கலையான்னு எனக்குத் தெரியாது சார்."

"அதை இப்ப உங்ககிட்ட யாரும் கேக்கலை. அதுக்குத்தான் விசாரணை இருக்கு. கூப்பிட்டா வருவானா, அது ஒண்ணுதான் கேள்வி."

உதுமான் மூலையில் இருந்த தண்ணீர் கேனைப் பார்த்தார்.

"போன ஐப்பசியில இந்தத் தெருவே முழங்கால் தண்ணியில கெடந்துச்சு. கடையில நானும் இந்த மிஷினும்தான். இன்னைக்கு வர மாட்டான்னு நெனச்சு ஷட்டர எறக்கப் போறேன், கேனத் தோளுல வச்சுக்கிட்டு நடந்து வாரான். நல்லா ஏசினேன், ஏம்ல இவ்வளவு லேட்டுன்னு." கழுத்தில் கிடந்த அளவு டேப்பை எடுத்து மிஷின் மேல் வைத்தார். "ரெண்டு நிமிஷம் நில்லுங்க. கடையப் பூட்டிட்டு வாரேன்."

பொங்கலுக்கு முந்தின நாள் ஒரு டெய்லர் கடையைப் பூட்டுவதை அந்தப் பஜார் அன்றுதான் பார்த்தது.

மூன்று ஐம்பதுக்குக் கூண்டுக்குப் பக்கத்தில் பூரணமும் உதுமானும் நின்றார்கள். நீதிபதி ஆதாரையும் வீட்டுத் தீர்வை ரசீதையும் புரட்டிப் பார்த்துவிட்டு உதுமானைக் கேட்டார்.

"சுடலைமுத்துவை எத்தனை நாளாத் தெரியும்?"

"நாலு வருஷமாய்யா. எப்பவும் லேட்டாத்தான் வருவான்."

கோர்ட்டில் சிரிப்பு எழுந்தது. நீதிபதி சிரிக்கவில்லை. "வாய்தாவுக்கு?"

"சீக்கிரமே கெளப்பி விட்டுருதேன்யா," என்றார் உதுமான்.

நீதிபதி கையெழுத்துப் போட்டார்.

விடுவிப்பு உத்தரவு ஐந்தேகாலுக்குச் சிறைக்குப் போய்ச் சேர்ந்தது. லாக்கப் மூடும் நேரம் ஆறு; அதற்கு மேல் யாரையும் வெளியே விட மாட்டார்கள். வாசலில் மூன்று பேரும் காத்து நின்றார்கள். பெரிய கதவில் இருந்த சின்னக் கதவு திறந்து, யார் யாரோ வந்தார்கள். இரண்டு பேர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டே போனார்கள். ஒருவனை அவன் பெண்டாட்டி அழுதுகொண்டே இழுத்துப் போனாள். கதவு மூடிக்கொண்டது.

ஐந்து நாற்பது ஆயிற்று. சிதம்பரதாணு அங்குமிங்கும் நடந்தார். பூரணம் புதுச் சட்டையின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றித் தயாராக வைத்துக்கொண்டாள். உதுமான் தன் சட்டையில் ஒட்டியிருந்த நூலைப் பிய்த்துப் போட்டுக்கொண்டு, இரண்டு மணிக்கு எதிர்பார்க்க வேண்டியவனை நாலு மணிக்கு எதிர்பார்க்கப் பழகிய மனுஷனாக, சுவரில் சாய்ந்து நின்றார்.

போன் அடித்தது. ஜெபமணி.

"நோட்டை இங்கேயே வச்சுட்டுப் போயிட்டீங்க சார்."

"இருக்கட்டும் மேடம்."

"ஜாமீன்னா என்ன?"

சிதம்பரதாணு அந்த இரண்டு பேரையும் பார்த்தார். இரண்டு பேரும் அந்தச் சின்னக் கதவைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"வருவான்," என்றார்.