மாமரம் வளர்த்த கிழங்கு

அந்தக் காலத்தில், செடிகொடிக்கும் விலங்குக்கும் ஒரே பேச்சாக இருந்தபோது, மேற்கு மலை அடிவாரத்தில் ஒரு மாமரம் நின்றது. அதன் காலடியில் பெயரில்லாத ஒரு கிழங்குச் செடி முளைத்திருந்தது. எந்த வெள்ளம் அதைக் கொண்டுவந்து அங்கே போட்டதோ, மாமரம் விசாரிக்கவில்லை. வெயில் ஏறினால் கிளையைத் தாழ்த்தி மறைத்தது. "கண்ணு" என்று கூப்பிட்டது. செடியும் அதை "அம்மா" என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டது.

மழைக்காலம் முழுக்க இரண்டும் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கும். தை பிறந்தால் போதும், செடிக்குக் கண் சொருகிவிடும். இலை பழுத்துச் சாய, மண்ணுக்குள்ளே சுருண்டு படுத்துவிடும்.

"நான் தூங்கறப்பத்தான் நீ காய்க்கறே. ஒரு தடவையாச்சும் உன்ற காயைப் பாக்கோணும்மா" என்று சிணுங்கும்.

"தூங்கு கண்ணு. நீ முழிக்கறப்ப உனக்குன்னு ஒரு காய் போட்டு வெக்கறேன்."

மாமரம் சொன்னது பொய்யில்லை. போட்டும் வைத்தது. ஆனால் குரங்குக் கூட்டம் என்றைக்குக் காயை மிச்சம் வைத்திருக்கிறது? செடி கண்விழிக்கும்போது கொட்டைகூட இருக்காது. "அடுத்த வருசம் கண்ணு" என்று மாமரம் சிரிக்கும்.

ஒரு சித்திரையில் சூறைக்காற்று அடித்தது. கிளை கொள்ளாத பச்சைக் காயோடு நின்ற மரம் வேரோடு சாய்ந்தது. காயெல்லாம் செடி தூங்கிய மண்ணின்மேல் கொட்டி, அழுகி, சாறாகி உள்ளே இறங்கியது. செடிக்கு எதுவும் தெரியாது, அப்படியொரு தூக்கம். முதல் மழைக்குத் தலையை நீட்டியபோது மேலே வெறும் வானம்தான் இருந்தது.

"அம்மா" என்று கூப்பிட்டது. எங்கிருந்தோ பச்சை மாங்காய் வாசனை மட்டும் வந்தது. அது தன் உடம்பிலிருந்தே வருகிறது என்று புரிந்ததும் செடி உடைந்து அழுதது. ஒரு காய் கேட்ட பிள்ளைக்கு எல்லாக் காயையும் கொடுத்துவிட்டு அம்மா போய்விட்டது.

அந்தக் காட்டில் கிழங்குகளுக்குக் குலம் சொல்கிறவர் முள்ளம்பன்றியார். முகர்ந்து பார்த்து இன்ன குலம் என்பார், பிறகு தின்றுவிடுவார். குலம் தெரியாததை யாரும் தின்னக் கூடாது, குலம் தெரியாதது யாருடைய நிழலிலும் வேர்விடவும் கூடாது என்பது அங்கே கட்டளை; மாமரம் ஒன்றுதான் அதைப் பொருட்படுத்தாதது. அழுகைச் சத்தம் கேட்டு வந்தவர் மண்ணைப் பறித்து முகர்ந்து பார்த்தார்.

"இது நான் இதுவரைக்கும் பாக்காத கெழங்கு! சுத்தமாப் புதுசு!" சந்தோஷத்தில் அவர் முள்ளெல்லாம் சலசலத்தது.

"எங்கம்மா மாமரமுங்க" என்றது செடி.

"வளத்தது மாமரம். மரத்துக்குக் கெழங்கு பொறக்குமா? இந்த வெயில்ல நின்னீன்னா கருகிப் போயிருவே. வா, உன்ற சொந்தபந்தத்தைக் கண்டுபுடிக்கலாம்."

அதை வாயில் கவ்விக்கொண்டு நடந்தார். அந்த மணத்தோடு, தின்னாமல் தூக்கிப் போவது அவருக்கு லேசான காரியமாக இல்லை. வழியெல்லாம் எச்சில் ஒழுகியது.

கணுவும் வளைவும் அச்சு அசல் இஞ்சி என்று நம்பி, ஓடைக்கரை இஞ்சியிடம் கொண்டுபோனார். இஞ்சிக்குப் பேச்சே காரம்.

"எலை பாருங்க, எத்தனை அகலம்! எங்களுது மெலிசு. காரமும் இல்ல. கொண்டுட்டுப் போங்க."

முள்ளம்பன்றியாருக்கு முகம் செத்துவிட்டது. வேறு வழியில்லாமல் செடியை நடுவெளியில் நட்டுவைத்து யோசித்துக்கொண்டே இருந்தார். இலை நுனியெல்லாம் கருகத் தொடங்கியது. அந்தக் கருகலுக்கு நடுவிலும் ஒரு பூக்கதிர் மெல்ல எழும்பியது. அந்த வழியாகப் போன தேனீ ஒருத்தி சட்டென்று திரும்பினாள்.

"அட, இது மஞ்சள் வூட்டுப் பூ! கிண்ணத்து மேல கிண்ணம் அடுக்குனாப்பல இருக்குது பாருங்க. தெனமும் போற வூடு எனக்குத் தெரியாதா?"

"பூவையும் பாக்கோணுமா?" என்று முள்ளம்பன்றியார் அசடு வழிந்தார். பிறந்ததிலிருந்து அவர் மூக்கு மண்ணைவிட்டு எழுந்ததில்லை.

"இதுக்கெல்லாம் கெழங்குன்னு ஒண்ணு இருக்குதா?" என்று தேனீயும் அசடு வழிந்தாள்.

முள்ளம்பன்றியார் செடியை மஞ்சள் காட்டுக்குத் தூக்கிப் போனார். பூவைப் பார்த்ததும், அங்கே மூத்ததான பெரிய மஞ்சள், இலையெல்லாம் நடுங்க ஓடிவந்தது. "வெள்ளத்துல போன என்ற தங்கச்சி புள்ளையா நீ! வா சாமி, வா" என்று அணைத்து நிழலில் இருத்தியது. அம்மா போன பிறகு முதல் தடவையாகச் செடிக்கு உடம்பு குளிர்ந்தது.

அரைத்த மஞ்சள் வந்தது. "இதைப் பூசுனாத்தான் கண்ணு நீ எங்க புள்ள. உடம்பு பொன்னாட்டம் ஆயிரும். கசப்பேறிரும், யாரும் வாய் வெக்கமாட்டாங்க. அந்தப் பழைய வாசமும் போயிரும்."

"போயிருமுங்களா, பெரியம்மா?"

"போனாத்தான் உசுரு தப்பும். குலம் தெரிஞ்சுபோச்சு. இனி உன்னைத் தின்னத் தடையில்ல" என்று பெரிய மஞ்சள் முள்ளம்பன்றியாரைக் கண்ணால் காட்டியது. அவர் வேறு பக்கம் பார்த்தபடி எச்சில் விழுங்கினார்.

செடி நிழலைப் பார்த்தது. அரைத்த மஞ்சளைப் பார்த்தது. பிறகு கிழங்கை வெடுக்கென்று மண்ணுக்குள் இழுத்துக்கொண்டது.

"எங்கம்மா விழறப்ப நான் தூங்கிட்டேனுங்க. கடைசியா மொகம்கூடப் பாக்கல. மிச்சம் இந்த வாசம் ஒண்ணுதான். பூவும் எலையும் உங்களுது, வெச்சுக்கறேன். பொன்னு வேண்டாம், கசப்பும் வேண்டாமுங்க. தின்னாத் தின்னட்டும்."

பெரிய மஞ்சளுக்குக் கண் நிறைந்துவிட்டது. தங்கை பிள்ளைக்கு அரைத்ததைத் தன்மேலேயே பூசிக்கொண்டது. "நீ இப்படியே எங்க நெழல்ல இரு சாமி" என்றது. முள்ளம்பன்றியாரிடம், "தின்னுக்கங்க. ஆனா ஒரு வெரல் கெழங்காச்சும் மண்ணுல உட்டுட்டுப் போகோணும்" என்றது.

அவர் ஆசையாக ஒரு விரலை ஒடித்துக் கடித்தார். மென்றுகொண்டிருந்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். கோடை வெயிலுக்குப் போய்ப் படுத்த அந்த மாமரத்தடி, தலைக்கு மேலே சலசலத்த இலை எல்லாம் அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது.

"அந்த மரத்துக் காயேதான்" என்றார். மிச்சத்தைத் தானே மண் தள்ளி மூடினார்.

பிறகு வந்த மனிதர்கள் கிழங்கின் உருவத்தைப் பார்த்தார்கள், முகர்ந்து பார்த்தார்கள், மாங்காய் இஞ்சி என்று பேர் வைத்தார்கள். தேனீக்களுக்கு அது இன்றைக்கும் மஞ்சள் வீட்டுப் பிள்ளைதான். அன்று முதல்தான், மாமரத்தில் ஒரு பிஞ்சுகூட இல்லாத நாளிலும் மண்ணைக் கிளறினால் மாங்காய் மணக்கிறது.