பளிங்குத் தலையும் நாரை நின்ற ஏரியும்

முன்னொரு காலத்தில், மனிதர்களோடு பேச நாரைகளுக்கும் பொழுதிருந்த காலத்தில், வெண்குன்றபுரி என்றொரு ராஜ்யம் இருந்தது. அதை ஆண்டவன் மாறவேலன். நல்ல ராஜாதான். ஆனால் யோசிக்கச் சொன்னால் மட்டும் அவனுக்குத் தலைவலி வந்துவிடும்.

அது தெரிந்துதான் கண்டசூரன் என்ற மந்திரவாதி ஒரு பரிசோடு வந்தான். என்ன பரிசு? பளிங்குத் தலை! ஆள் உயரத் தலை. அது கண்ணைத் திறந்தால் மண்டபமே நீல வெளிச்சத்தில் மிதக்கும். மழை எப்போது வரும்? சொல்லும். காணாமல் போன பசு எங்கே? சொல்லும். நட்சத்திரம் ஏன் விழுகிறது? அதையும் சொல்லும், அழகான பாட்டாகவே சொல்லும். ஆரம்பத்தில் சொன்னதெல்லாம் சரியாகவும் இருந்தது. அங்கேதான் ஐயா சூட்சுமம்! முதலில் சரியாகச் சொன்னால்தானே, பிறகு சொல்வதை யாரும் உரசிப் பார்க்க மாட்டார்கள்?

மந்திரவாதி பதிலுக்குக் கேட்டது ஒன்றே ஒன்றுதான். தலை பேசி முடித்ததும் எல்லோரும் காதைத் தொட்டு, "கேட்டோம், ஏற்றோம்!" என்று சொல்ல வேண்டும். இது ஒரு பெரிய காரியமா? சொன்னார்கள். அரண்மனைப் பள்ளியில் வாத்தியார்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டுப் பிள்ளைகளையும் தலைக்கு முன்னால் உட்கார வைத்தார்கள்.

அப்படிச் சொல்லச் சொல்ல உடம்பில் கொஞ்சம் கொஞ்சமாகப் பளிங்கு ஏறியது. முதலில் நகம், பிறகு விரல், பிறகு கை. பளபளவென்று இருந்ததால் யாரும் பயப்படவில்லை. "ஞானம் ஏறுது" என்று பெருமைப்பட்டார்கள். முழுக்கப் பளிங்கானவர்களை மந்திரவாதி தன் காற்றுத்தேரில் ஏற்றிக் கருநீர் ஏரிக்கு அப்பால் கொண்டுபோனான்.

"அவங்க எங்கே?" என்று ஜனங்கள் கேட்டார்கள்.

"ஞானலோகத்தில் சுகமாக இருக்கிறார்கள்" என்றது தலை.

"நாங்க போய்ப் பார்க்கலாமா?"

"கருநீர் ஏரிக்கு அடியே கிடையாது. கால் வைத்தவர் மீண்டதில்லை."

"கேட்டோம், ஏற்றோம்!"

அந்தப் பள்ளியில் நன்முல்லை என்று ஒரு பெண் படித்தாள். தாய் தகப்பன் இல்லாத அவளுக்கு அண்ணன் இளம்பரிதிதான் எல்லாம். ஒரு காலத்தில் அவன் கேட்கும் கேள்விகளுக்குப் பயந்து வாத்தியார்களே வேறு தெருவில் போவார்கள். இப்போது அவன்தான் பள்ளியின் முதல் மாணவன். பளிங்கு அவன் கழுத்துவரை ஏறிவிட்டது. அன்று பொழுது சாய்ந்ததும் அவனுக்குத் தேர் வரும் என்று அறிவித்திருந்தார்கள்.

அழுத கண்ணோடு ஜன்னல் வழியே ஏரியைப் பார்த்தாள் நன்முல்லை. நடு ஏரியில் ஒரு நாரை ஒற்றைக்காலில் நின்றுகொண்டிருந்தது.

அடியில்லாத ஏரியில் நாரை எதன்மேல் நிற்கிறது?

அப்படி நினைத்ததுதான் தாமதம், பளிங்காகியிருந்த அவள் சுண்டுவிரல் சூடாகியது, சிவந்தது, சதையானது! நன்முல்லை துள்ளி எழுந்தாள். ஒரே ஓட்டமாக ஏரிக்கு ஓடினாள்.

"நாரையே, நாரையே, நீ தரையிலயா நிக்கிறே?"

"நான் ஆமான்னு சொன்னா நம்பிடுவியா?" என்றது நாரை. "உனக்குத்தான் கால் இருக்கே, இறங்கிப் பாரேன்."

ஒரு மூங்கில் கழியை எடுத்துக்கொண்டாள். ஊன்றினாள், தரை தட்டியது. அடி வைத்தாள். மறுபடி ஊன்றினாள், மறுபடி அடி வைத்தாள். தண்ணீர் இடுப்புக்கு மேல் ஏறவே இல்லை. ஊரே நடுங்கிய கருநீர் ஏரியை அவள் நடந்தே கடந்துவிட்டாள்.

அக்கரையில் ஞானலோகம் இல்லை. மந்திரவாதி தனக்காகக் கட்டும் மாளிகை நின்றது. வானத்தைத் தொடும் மாளிகை, வரிசை வரிசையாகப் பளிங்குத் தூண்கள். கிட்டப் போய்ப் பார்த்தாள். தூண்களெல்லாம் மனிதர்கள்! வளையல்காரி பொன்னாச்சி கூரையைத் தலையில் சுமந்து நின்றாள். அவள் கண் மட்டும் அசைந்தது, அதிலிருந்து நீர் வழிந்தது.

நன்முல்லை திரும்பி வந்தபோது மண்டப வாசலில் தேர் தயாராக நின்றது.

"ஏரி இடுப்பளவுதான்! அங்கே ஞானலோகம் இல்ல, நம்ம ஜனங்க தூணா நிக்கிறாங்க!" என்று கத்தினாள்.

சபையே அவள் பக்கம் திரும்பியது. காதைத் தொட்டது. "கேட்டோம், ஏற்றோம்!"

ஐயோ! எல்லோர் உடம்பிலும் பளிங்கு இன்னும் ஏறியது. இளம்பரிதிக்கு முகவாயைத் தொட்டுவிட்டது.

"என்னை நம்பாதீங்க!" என்று அலறினாள்.

"நம்ப மாட்டோம்! கேட்டோம், ஏற்றோம்!"

உண்மையைச் சொன்னாலும் இந்த மாயம் அசையாது என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பளிங்குத் தலை ஆனந்தமாகச் சிரித்தது. நன்முல்லை அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. அண்ணன் முன்னால் போய் நின்றாள்.

"அண்ணா, நான் பொய் சொன்னா நீ எப்படிக் கண்டுபிடிப்பே?"

இளம்பரிதி வாய் திறந்தான். பழகின வார்த்தை வரவில்லை. அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தான்.

"உன் பாவாடை... இடுப்புவரைக்கும் நனைஞ்சிருக்கு" என்றான் மெதுவாக. "ஆனா, கரையோரமா உட்கார்ந்தாலும் அப்படி நனையுமே. நானே வந்து பார்க்கணும் முல்லை."

சடார்! அவன் நெஞ்சின் குறுக்கே விரிசல் ஓடியது. பளிங்கு பாளம் பாளமாக உதிர, உள்ளிருந்து அவன் கை வெளியே வந்தது. கூட்டத்திலிருந்து ஒரு கிழவர் தலையைப் பார்த்துக் கேட்டார்: "ஏரிக்கு அடியில்லன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

இன்னொருத்தி கேட்டாள்: "யாரு பார்த்தது?"

ராஜாவே எழுந்து கேட்டான்: "நீ சொன்னது தப்பா இருந்தா நாங்க எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

தலை வாயைத் திறந்தது, மூடியது, திறந்தது. பாட்டு வரவில்லை. நீல வெளிச்சம் துடித்து அணைந்தது. தலை பொடிப்பொடியாக நொறுங்க, அதற்குள்ளிருந்து தும்மிக்கொண்டே ஓடினான் கண்டசூரன். அவனைத் துரத்தக்கூட ஆளில்லை. எல்லோரும் ஏரியைப் பார்க்க ஓடிக்கொண்டிருந்தார்கள்.

ஆகா, என்ன காட்சி அது! அக்கரை மாளிகை சரிந்துகொண்டிருந்தது. தூணாக நின்றவர்கள் அத்தனை பேரும் மாலை வெயிலில் கருநீர் ஏரியை நடந்து கடந்து வந்தார்கள். பொன்னாச்சி முன்னால் வந்தாள். கரையில் நின்றவர்களுக்குக் கைகூப்பத்தான் தோன்றியது.

ராஜா பட்டுவேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினான். "என்ன வேணுமோ கேளும்மா" என்றான் நன்முல்லையிடம்.

"வாத்தியார்களைத் திருப்பிக் கூப்பிடுங்க மகாராஜா. நாங்க கேள்வி கேட்டா அவங்க கோபிக்கக் கூடாது" என்றாள் அவள். அப்படியே ஆகட்டும் என்று அவன் வாக்குக் கொடுத்தான்.

அதற்குள் இளம்பரிதி மூங்கில் கழியோடு ஏரிக்குள் வெகுதூரம் போய்விட்டான். ஊன்றுவதும் நடப்பதுமாக இருந்தவன் திடீரென்று திரும்பிக் கையை ஆட்டினான்.

"முல்லை! நீ சொன்னது தப்பு! இந்தப் பக்கம் கழுத்தளவு ஆழம்!"

நன்முல்லை கரையில் உட்கார்ந்து, சந்தோஷம் தாங்காமல் ஓவென்று அழுதாள்.