மலை ஏறிய அலமாரி

வண்டியம்மாவுக்கு மடம் கிடையாது. கட்டித் தருகிறோம் என்று வந்தவர்களிடம், "கட்டினா அங்கயே உக்காரோணுமே" என்று சொல்லி அனுப்பிவிடுவார். அவருக்கு இருந்ததெல்லாம் ஒரு பழைய ஜீப்பும், அதன் பின்னால் கொக்கி போட்டு இழுக்கிற ஒரு தகரக் கூண்டு வீடும்தான். கூண்டுக்குள் ஓர் அடுப்பு, ஒரு கட்டில், சுவரை ஒட்டிச் சில அலமாரிகள். திருவிழா நடக்கிற ஊராகப் பார்த்துப் போவார். கோயிலுக்குச் சற்றுத் தள்ளி வண்டியை நிறுத்துவார். கேட்க வந்தவர்களுக்குப் பதில் சொல்வார். ஜீப்பை ஓட்டுவதும் அவரேதான்.

அவருடைய சீடர் சிவனணைந்தானுக்கு அவரைவிட வயது அதிகம். தலை முழுக்க வெளுத்தவர். அம்பாசமுத்திரத்தில் பாத்திரக்கடை வைத்திருந்தார். மனைவி முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட, ஒரே மகள் ஆவுடைச்செல்வியோடு இருந்தார். அவள் தன் இஷ்டத்துக்கு ஒருவனைக் கட்டிக்கொண்டு மாலையும் கழுத்துமாக வாசலில் வந்து நின்றபோது, "என் மூஞ்சில முழிக்காத" என்று கதவைச் சாத்தினார். சாத்திய கதவுக்கு உள்ளே அவராலும் இருக்க முடியவில்லை. கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு வண்டியம்மாவோடு கிளம்பிவிட்டார்.

மகள் கோத்தகிரியில் இருக்கிறாள், மாப்பிள்ளைக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை என்று பிறகு காதில் விழுந்தது. அம்மாவிடம் எதையும் அவர் மறைக்கவில்லை. ஆனால் வண்டி எந்தத் திசைக்குப் போனாலும் அந்த மலைப்பக்கம் மட்டும் போகக்கூடாது என்பதில் குறியாக இருந்தார். நீலகிரிப் பேச்சு வந்தால் போதும், "இந்த ஜீப்பு மலை ஏறாதும்மா" என்பார். வீம்புக்கு வயதாவதே இல்லை.

கூண்டுக்குள் அவருடைய தொண்டு, அலமாரிக் கதவுகளைப் பார்த்துக்கொள்வது. ஓடுகிற வண்டியில் கதவு சும்மா இருக்காது. ஒரு வேகத்தடை வந்தாலும் வாயைத் திறந்து உள்ளே இருப்பதைத் துப்பிவிடும். சங்கரன்கோவில் போகிற வழியில் மிளகாய்ப்பொடி டப்பா விழுந்து, பொடி கூண்டெல்லாம் நிறைந்துவிட்டது. அன்று அம்மாவைப் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் கண்ணீர் வழிய நின்றார்கள். அம்மா பேசினால் கல்லும் கரையும் என்று ஊரில் பேர் வந்துவிட்டது. அம்மா தும்மிக்கொண்டே சிரித்தார்.

சிவனணைந்தானுக்குச் சிரிப்பு வரவில்லை. கொண்டி வாங்கி அடித்தார். தாழ்ப்பாள் போட்டார். சைக்கிள் ட்யூபை வெட்டி இழுத்துக் கட்டினார். கதவு நின்றது. உள்ளே எண்ணெய் பாட்டில் உடைந்தது.

"தும்பை விட்டுட்டு வாலைப் பிடிக்கறீங்க, பெரியவரே" என்றார் அம்மா. "கதவு தானாவா தொறக்குது? உள்ள இருக்கறது தள்ளுதுங்க."

கனமானதைக் கீழ்த்தட்டில் வைத்தார். டப்பாவுக்கும் டப்பாவுக்கும் நடுவில் பழைய துண்டைச் செருகிக் காட்டினார்.

அதற்குப் பிறகு எல்லாக் கதவுகளும் சொன்ன பேச்சைக் கேட்டன, ஒன்றைத் தவிர. அது சிவனணைந்தானின் சொந்த அலமாரி. அதற்குத் தாழ்ப்பாளுக்கு மேல் தாழ்ப்பாள் போட்டு, கயிறும் சுற்றியிருந்தார். அப்படியும் வழி நெடுக உள்ளே கலகலத்தது. பள்ளத்தில் இறங்கினால் கயிறு நெகிழ்ந்து கதவு இடைவெளி விட்டுவிடும். வண்டி நின்றதும், யாரும் பார்ப்பதற்குள் ஜீப்பிலிருந்து ஓடிப்போய்ச் சாத்துவார்.

காரமடைத் தேர் முடிந்த மறுநாள் காலை, கிளம்புகிற நேரத்தில் அவர் அம்மாவிடம் வந்தார்.

"ஒண்ணு கேக்கணும்மா."

"கேளுங்க."

"எம் அலமாரிக்கு என்ன தாழ்ப்பாள் போட்டா நிக்கும்?"

"உள்ள என்னங்க இருக்குது?"

"பழைய சாமான்."

"துணி வெச்சுப் பாத்தீங்களா?"

"எல்லாம் வச்சாச்சு. அடங்க மாட்டேங்கு."

அம்மா டீயைக் குடித்து முடித்தார். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார்.

"இன்னிக்கு நீங்க ஜீப்புல உக்கார வேண்டாம். கூண்டுக்குள்ள இருங்க. அந்தக் கதவுல போட்ட தாழ்ப்பாளை எல்லாம் எடுத்துருங்க. கயித்தையும் அவுத்துருங்க. கையால பிடிச்சிட்டு வாங்க."

"எதுவரைக்கும்மா?"

"நான் நிறுத்தற வரைக்கும்."

குருவின் சொல்லுக்கு மறுசொல் ஏது. சிவனணைந்தான் தாழ்ப்பாள்களைக் கழற்றினார், கயிற்றை அவிழ்த்தார். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து இரண்டு உள்ளங்கைகளையும் கதவில் பதித்துக்கொண்டார். அம்மா வெளியிலிருந்து கூண்டைச் சாத்தினார்.

சமவெளியில் ஒன்றும் சிரமமில்லை. இவ்வளவுதானா என்று நினைத்தார். கொஞ்ச நேரத்தில் வண்டி மெதுவாயிற்று. அவர் உடம்பு பின்பக்கமாகச் சரிந்தது. காது அடைத்துக்கொண்டது. தகரத்தின் சூடு இறங்கிக் குளிர ஆரம்பித்தது.

மலை.

"அம்மா! அம்மா!" என்று கத்தினார். ஜீப்பின் உறுமலில் அது எடுபடவில்லை. எழுந்துபோய்ச் சுவரைத் தட்டலாம் என்றால் கையை எடுக்க முடியாது. எடுத்தால் கதவு திறந்துவிடும்.

வளைவுக்கு வளைவு உள்ளே இருந்தது தள்ளியது. அவரும் தள்ளினார். கை போதாமல் தோளைக் கொடுத்தார், முழங்காலை முட்டுக் கொடுத்தார்.

உள்ளே இருந்தவை கண்ணாடி வளையல்கள். போகிற ஊரிலெல்லாம் திருவிழாக் கடையில் மகளுக்கென்று வாங்கியவை. சங்கரன்கோவிலில் பச்சை, திருச்செந்தூரில் நீலம், காரமடையில் நேற்று வாங்கியது அரக்குச் சிவப்பு. யாருக்கு என்று கடைக்காரர் கேட்டால் "பிள்ளைக்கு" என்பார். கொடுக்கப் போவதில்லை என்று தெரியும். ஆனாலும் வாங்காமல் ஓர் ஊரை விட்டுக் கிளம்ப அவருக்குக் கால் எழாது.

இப்போது அவை பலகைக்கு அந்தப் பக்கம், அவர் கைக்கு நேராகக் குலுங்கின. ஆவுடைச்செல்வி சின்னப் பிள்ளையாக இருந்தபோது கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாள். வளையல் காட்டிக் கொடுத்துவிடும். அவர் கேட்காத மாதிரி வீடெல்லாம் தேடுவார். "எம் பிள்ளைய காணலையே, யாராவது பாத்தீங்களா" என்று தெருவாசல் வரை போய்க் கேட்பார்.

அவருக்கு மகளைப் பார்க்க வேண்டும் போல இருந்தது. இத்தனை வருஷமும் அப்படித்தான் இருந்தது. இன்றுதான் அதை இரண்டு கையாலும் தொட்டார். கண்ணைத் துடைக்கக் கை ஒழியவில்லை. அழுதுகொண்டே பிடித்திருந்தார்.

வண்டி நின்றது.

அம்மா வந்து கூண்டைத் திறந்தார். பச்சைத் தேயிலை வறுபடுகிற வாசனை உள்ளே வந்தது.

"வந்தாச்சுங்க."

"கோத்தகிரியாம்மா?"

"ஆமாங்க. ஜீப்பு நல்லாத்தான் மலை ஏறுது."

சிவனணைந்தான் கதவை இன்னும் அழுத்திப் பிடித்தார்.

"கைய எடுங்க" என்றார் அம்மா.

எடுத்தார். கதவு மெல்லத் திறந்தது. வளையல்கள் அவர் மடியிலும் தரையிலும் சரிந்தன. சில உடைந்திருந்தன. முழுசாக இருந்தவைதான் அதிகம். அம்மா ஒன்றை எடுத்துப் பார்த்தார். யாருக்கு என்று கேட்கவில்லை.

"ஆவுடைச்செல்வி வீடு இந்தச் சரிவுல மூணாவதுங்க. டீக்கடையில விசாரிச்சுட்டேன். இப்ப வீட்லதான் இருக்குதாம்."

"நான் போக மாட்டேம்மா."

"செரி."

"பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லும்பாங்க."

"அதச் சொன்னது பெத்தவங்களாத்தான் இருக்கும்."

வேறு ஒரு நாளாக இருந்தால் அவர் சிரித்திருப்பார். வளையல்களைப் பொறுக்கித் துண்டில் வைத்தார். முழுசானவற்றை ஒரு பக்கமும் உடைந்தவற்றை ஒரு பக்கமுமாகப் பிரித்தார். பிரித்து முடித்த பிறகு செய்ய வேறு வேலை இருக்கவில்லை.

"எங் கையால சாத்துன கதவும்மா" என்றார். "பிள்ளை வெளிய நின்னு அப்பா, அப்பான்னு கூப்பிட்டா. உள்ள நின்னு கேட்டுக்கிட்டே இருந்தேன். இப்ப எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் போயித் தட்டுவேன்? அவளும் தொறக்கலன்னா?"

அம்மா அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அவருடைய வலது கையை எடுத்து விரித்தார். உள்ளங்கை கன்றிச் சிவந்திருந்தது. விரல்கள் இன்னும் முழுசாக மடங்கவில்லை.

"வலிக்குதுங்களா?"

"வலிக்குதும்மா. தோள் வரைக்கும் வலிக்குது."

"காலையில இருந்து ஒரு நாலு நாழி பிடிச்சதுக்கே இப்படி" என்றார் அம்மா. "அந்தப் புள்ளயும் அங்க தன் கதவ இத்தன வருசமா பிடிச்சிட்டு இருக்குது. அதுக்கும் கை வலிக்குமில்லீங்க?"