வேம்பி கை ஓங்க மாட்டாள்

"வேம்பியை அடியாளாக்கப் பாக்கறானுங்க, டீச்சர்!"

நாச்சிமுத்து சீட்டை மேசை மேல் போட்டார். போட்ட வேகத்தில் பெனாசிரின் டீ டம்ளர் ஆடியது.

பெனாசிர் டம்ளரைத் தள்ளி வைத்தாள். சீட்டை எடுத்துப் பார்த்தாள்.

"யாருங்ணா?"

"சீட்டு வெளையாட்டுக் கம்பெனிக்காரங்கதான். வேற யாரு?"

வேம்பி யார் என்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். 'கரைமேடு' என்கிற வீடியோ கேமின் நாயகி அவள். நாச்சிமுத்து உண்டாக்கிய கேம். பாகம் பாகமாக வந்து, இளவட்டங்கள் சோறு தண்ணி மறந்து விளையாடுகிற கேம். எந்தப் பாகத்திலும் வேம்பி ஆயுதம் தொட்டதில்லை. அடிக்கிற பட்டனை அழுத்தினால் எதிரிக்கு முன்னால் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்வாள். அடி வாங்குவாள், நகர மாட்டாள். அவளுக்குப் பின்னால் நிற்கிற ஊர்ச்சனத்தின் மேல் ஒரு கீறல் விழாது. பட்டன் கெட்டுப்போச்சு என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போனவர்கள் எல்லாம் உண்டு.

இப்போது பேர்போன ஒரு சீட்டு விளையாட்டுக் கம்பெனி, கரைமேட்டு ஆட்களைத் தன் சீட்டுகளில் அச்சடிக்க ஒப்பந்தம் போட்டிருந்தது. சீட்டுகளைச் செய்து கொடுக்க வேண்டியவர் நாச்சிமுத்து. கேம் செய்யத் தெரிந்த மனுசனுக்குச் சீட்டு செய்யத் தெரியவில்லை. வெட்கம் பார்க்காமல், தன்னைவிட எவ்வளவோ சின்னவளான பெனாசிரிடம் பாடம் கேட்க வந்து சேர்ந்தார். சீட்டு விளையாட்டுக்கு விதி எழுதுவதில் அவள் கெட்டிக்காரி. பேச்சில்தான் மகா கஞ்சம்.

"சீட்டுல ரெண்டு கட்டமுங்க. இந்தப் பக்கம் உயிர், அந்தப் பக்கம் அடி. வேம்பிக்கு அடி ஏழு போடச் சொல்றாங்க. போடாட்டி அவளே வேண்டாமாம். வில்லனை வெச்சே வித்துக்குவாங்களாம்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"முடியாதுன்னு மூஞ்சிக்கு நேராச் சொல்லிப்போட்டேன்."

"சரி."

"என்ன சரி? கேமே விளையாடாத பசங்க அவளை மொதல்ல இந்தச் சீட்டுலதான் பாக்கப்போறாங்க. ஏழு போட்டா அவ ரவுடி. போடாட்டி அவ இல்லவே இல்லை. வயிறு எரியுதுங்க எனக்கு!"

"ஏழு வேண்டாம். வேற என்ன போடலாம்னு யோசிச்சுட்டு வாங்க."

அவ்வளவுதான். அவள் டீயைக் குடிக்க ஆரம்பித்துவிட்டாள்.

மறுநாள் நாச்சிமுத்து வரும்போதே முகம் மலர்ந்திருந்தது.

"கண்டுபுடிச்சுட்டேனுங்க! பூஜ்யம்!"

பென்சிலில் பெரிதாக எழுதியிருந்தார். பெனாசிர் சீட்டைப் பரப்பினாள். நடுவில் வேம்பியை வைத்தாள்.

"வேம்பி அடிக்கிறா," என்றாள்.

"அவ அடிக்க மாட்டாளே!"

"கட்டத்துல எண் இருக்குதுங்ணா. எண் இருந்தா அடிக்கலாம், அதான் விதி. அடிக்கிறா. பூஜ்யம்."

"டீச்சர்..."

"மறுபடியும் அடிக்கிறா. பூஜ்யம். இன்னொருக்கா அடிக்கிறா. பாவம், பூஜ்யம்."

"நிறுத்துங்க!" நாச்சிமுத்து சீட்டைப் பிடுங்கிக்கொண்டார். "என்னமோ அடிக்கத் தெம்பில்லாத நோஞ்சானாட்டம் பேசறீங்க. அவ அப்படியா?"

"நான் எழுதலைங்ணா. நீங்க எழுதுனது."

நாச்சிமுத்துவுக்கு முகம் செத்துப்போய்விட்டது. ஏழு போட்டவன் அவளை ரவுடியாக்கினான் என்றால், தான் அவளைக் கேலிப்பொருளாக்கி விட்டோமே என்று தலையில் அடித்துக்கொண்டார்.

"அப்ப என்னதான் பண்றது? சொல்லித் தொலையுங்களேன்!"

பெனாசிர் எழுந்து வந்து அவர் முன்னால் நின்றாள்.

"என் கன்னத்துல ஒண்ணு வைங்க."

"என்ன பேச்சு இது!"

"வைங்கங்ணா. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்."

"அட ஏனுங்க, பைத்தியமா உங்களுக்கு?" நாச்சிமுத்து இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். "வெட்டிப் போட்டாலும் மாட்டேன்!"

"வைக்கலையா?"

"மாட்டேன்னா மாட்டேன்!"

பெனாசிர் நாற்காலிக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்தாள். பென்சிலை எடுத்தாள்.

"இப்ப என்னை எவ்வளவு அடிச்சீங்க?"

"நான் எங்கீங்க அடிச்சேன்?"

"பூஜ்யம்னு எழுதிக்கட்டுமா?"

நாச்சிமுத்து மேசையில் கிடந்த ரப்பரை வெடுக்கென்று எடுத்து, சீட்டிலிருந்த பூஜ்யத்தைத் தேய்தேய் என்று தேய்த்தார்.

"மெதுவா. கிழிஞ்சுரும்," என்றாள் பெனாசிர்.

அந்த வாரமே கம்பெனியிலிருந்து கிருபாகரன் நேரில் வந்தார். சீட்டுகளுக்கெல்லாம் அவர்தான் தலைவர். குரல் உயராமலே காரியம் சாதிக்கிற ஆள்.

"சார், அடிக் கட்டம் காலியா இருக்கே?"

"காலியாத்தான் இருக்குமுங்க."

"அச்சுப்பிழைன்னு நெனச்சுக் கடையில திருப்பிக் குடுப்பாங்க."

"குடுக்கட்டுமுங்க."

"எண் இல்லாத சீட்டு எங்க ஆட்டத்துலயே கிடையாது. இதை வெச்சு ஒருத்தரும் ஜெயிக்க முடியாது." கிருபாகரன் பெனாசிர் பக்கம் திரும்பினார். "நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க மேடம்."

"விளையாடிப் பாருங்க சார்," என்றாள் அவள்.

கிருபாகரன் சட்டைக் கையை மடித்துவிட்டார். "ஆகட்டும். நான் ஜெயிச்சா ஏழு போட்டுக் குடுத்துரணும். அப்புறம் பேச்சே கூடாது."

"நான் ஜெயிச்சா இப்படியே அச்சுக்குப் போகோணும்," என்றார் நாச்சிமுத்து. சொன்ன கையோடு பெனாசிரைப் பார்த்தார். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆட்டம் ஆரம்பித்தது. கிருபாகரன் ஆட்டத்தில் புலி. நாச்சிமுத்துவின் ஆட்களை ஒவ்வொருத்தராகச் சாய்த்துக்கொண்டே வந்தார். கடைசியில் மிஞ்சியது வேம்பி ஒருத்திதான். அவள் முன்னால் இருக்கிற வரைக்கும் நாச்சிமுத்துவைத் தொட முடியாது. அவள் விலகினால் ஒரே அடியில் கதை முடிந்துவிடும்.

கிருபாகரன் கையிலிருந்த சீட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டார். 'கைப்பற்று' என்கிற சீட்டு. அதைப் போட்டால் எதிராளியின் ஆள் நம் ஆளாகிவிடும். ஆனால் ஒரு கண்டிஷன் உண்டு. பிடிபட்ட ஆள் அந்த முறையிலேயே அடித்தாக வேண்டும். அடிக்காவிட்டால் பிடித்தவருக்குத் தோல்வி. அந்தச் சீட்டைப் போட்டு இதுவரை யாரும் தோற்றதில்லை. அடிக்கத் தெரியாத ஆள் எந்தச் சீட்டில் இருந்தான்?

கட்டம் காலி என்பது கிருபாகரனுக்கு மறந்துவிடவில்லை. எண்தானே, வாயால் சொன்னால் ஆச்சு என்று நினைத்தார். அவர் சொன்னதை அதுவரை யாரும் தட்டியதில்லை.

வேம்பியை எடுத்துத் தன் பக்கம் வைத்தார். நாச்சிமுத்துவைப் பார்க்கும்படி திருப்பினார்.

நாச்சிமுத்துவுக்குத் தோற்பதுகூடப் பரவாயில்லை, அவள் கையாலா என்று இருந்தது.

"வேம்பி அடிக்கிறா," என்றார் கிருபாகரன்.

"எவ்வளவு சார்?" என்றாள் பெனாசிர்.

"ஏழு."

"எங்க எழுதியிருக்கு?"

"ஏழுன்னு வெச்சுக்குங்களேன் மேடம்."

"உங்க விதிதான் சார். சீட்டுல இருக்கிறதுதான் கணக்கு."

கிருபாகரன் குனிந்து பார்த்தார். சீட்டைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். வேம்பி சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். நிமிர்ந்து, அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதல் தடவையாக அவர் குரல் உயர்ந்தது.

"இவ இப்ப என் ஆள்! என் கையில இருக்கா! நான் அடின்னா அடிச்சாகணும்!"

நாச்சிமுத்துவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கூடவே கண்ணும் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொள்ளக்கூட இல்லை.

"உண்டாக்குன எம்பேச்சையே அவ ஒரு நாளும் கேட்டதில்லைங்க சார்," என்றார். "உங்க பேச்சையா கேட்டுறப்போறா?"