மூன்று அடுக்கும் வேகாத மாவும்

அட்டையின் அடுக்குகளைப் பசைதான் சேர்த்துப் பிடித்திருக்கிறது என்று உலகம் நம்புகிறது. பள்ளி ஆசிரியர்கள் நம்புகிறார்கள். நீதிபதிகளும் விலக்கல்ல, அவர்களுடைய கோப்புகளே அட்டைக்குள்தான் இருக்கின்றன. இந்த நம்பிக்கை பிழையானது. இவ்வளவு காலம் இதை யாரும் திருத்தாமல் விட்டது வருந்தத்தக்கது.

தில்லைநாயகமும் அப்படித்தான் நம்பினார். அவரை மன்னிப்பது கொஞ்சம் கடினம். அவர் காகிதத் தொழில்நுட்பத்தில் பட்டம் பெற்றவர்.

அமராவதிக் கரையில் இருந்த ஓர் அட்டை ஆலையில் அவர் தயாரிப்பு மேலாளர். வயது ஐம்பத்து நான்கு. அங்கே இரண்டாம் மிஷினில் மூன்று அடுக்கு அட்டை ஓடும். ஒவ்வோர் அடுக்குக்கும் தனித்தனியாக ஓடும் வலை உண்டு. அதை வயர் என்பார்கள். கூழ் அதன்மேல் விழுந்து, தண்ணீர் வடிந்து, ஈரத் தாளாக வரும். மூன்று தாள்களும் ஓர் உருளைக்கடியில் சந்திக்கும். சந்திக்கும் இடத்தில் மரவள்ளி மாவைக் கரைத்துப் பீய்ச்சுவார்கள். பிறகு சூடான உருளைகள் காயவைத்து, மூன்றையும் ஒரே அட்டையாக வெளியே அனுப்பும்.

அனுப்ப வேண்டும். எட்டு மாதமாக அது ஆலையை விட்டு ஒன்றாகப் போய், வாங்கியவரிடம் மூன்றாகப் பிரிந்துகொண்டிருந்தது.

இரண்டு லாரி அட்டை திரும்பி வந்துவிட்டது. முதலாளி சென்னியப்பன் அதிகம் பேசாதவர். அன்றும் அதிகம் பேசவில்லை.

"வெள்ளிக்கிழமை அவங்க ஆளு வர்றாருங்க. அவர் கையில அட்டை பிரிஞ்சா, ரெண்டாம் மிஷினை இரும்புக் கடைக்குப் போட்டுருவேன். அதுல வேலை செய்யற நாப்பது பேருக்கும் நீங்களே சொல்லிருங்க."

தில்லைநாயகம் மாவைக் கூட்டினார். பிரிந்தது. இன்னும் கூட்டினார். இன்னும் அழகாகப் பிரிந்தது. தன் சாவி மட்டுமே திறக்கும் ரசாயனக் கூடத்தில் வைத்து, பிரிந்த தாளின் உட்புறத்தில் அயோடின் சொட்டுவிட்டுப் பார்த்தார். ஊதா கலந்த நீலம், ஓரம்வரை ஒரே சீராக. மாவு எங்கும் இருந்தது. குறை சொல்ல ஓர் இடம்கூட இல்லை. அதுதான் அவரைக் கலங்க வைத்தது.

திங்கட்கிழமை காலை அவர் தரம் பிரிக்கும் கொட்டகைக்குப் போனார்.

அங்கே துளசிமணி இருந்தாள். வயது முப்பத்தேழு. பன்னிரண்டு பெண்களுக்குத் தலைமை. வெட்டிய அட்டைகளைப் புரட்டி, நல்லது கெட்டது பார்த்து அடுக்குவது வேலை. எட்டு மாதமாக அவள் சில கட்டுகளின்மேல் சாக்கட்டியால் 'விடும்' என்று, அதாவது அடுக்கு பிரியும் என்று, எழுதி ஒதுக்கிக்கொண்டிருந்தாள். லாரியில் திரும்பி வந்தவையெல்லாம் அவள் அப்படி எழுதி, மேலாளர் அழிக்கச் சொல்லி அனுப்பிய கட்டுகள்.

அந்த ஆலையில் ஒரு வழக்கம் இருந்தது. ஒருவரிடம் வேலை கற்றுக்கொள்ள வருபவர், அவருக்கு டீ வாங்கி வந்து கொடுத்து, டம்ளர் காலியாகும்வரை நின்றுகொண்டே இருக்க வேண்டும். பேசக் கூடாது. மேலாளர்களுக்கு இந்த வழக்கம் பொருந்துமா என்பது அதுவரை எழாத கேள்வி.

தில்லைநாயகம் டீயுடன் வந்து நின்றார்.

பன்னிரண்டு பெண்களும் அட்டை புரட்டுவதை நிறுத்தினார்கள்.

"சார், யாருக்குங்க அது?" என்றாள் துளசிமணி.

"உங்களுக்கு."

அதுவரை அவளை அவர் 'நீ' என்றுதான் சொல்லிவந்தார். துளசிமணி டம்ளரை வாங்கினாள். சூடாக இருந்தது. அவள் அவசரப்படவில்லை.

"அக்கா, ஆறிப்போவுது, குடிச்சுப்போடு. பாவம், சாருக்கு முட்டி வலி" என்றாள் ஒருத்தி.

"வலிக்கட்டும். எனக்கு நாக்கு சுடும்" என்றாள் துளசிமணி.

டம்ளர் காலியாகக் கால் மணி நேரம் ஆயிற்று. அவள் அதைக் கவிழ்த்துக் காட்டினாள்.

"கேளுங்க சார்."

"அட்டை ஏன் பிரிகிறது?"

அவள் கட்டிலிருந்து ஓர் அட்டையை உருவினாள். மூலையை நகத்தால் நெம்பி இழுத்தாள். மேல் அடுக்கு, வாழை மட்டை உரிவதுபோல் முழுசாக வந்தது. பிரிந்த இரண்டு முகங்களையும் அவர் பக்கம் திருப்பினாள்.

"என்ன தெரியுதுங்க?"

"ஒன்றும் தெரியவில்லை. வழவழப்பாக இருக்கிறது."

"நல்ல அட்டைய உரிச்சா ரெண்டு பக்கமும் ரோமம் நிக்குமுங்க. இவன் நாரு அவன்கிட்ட, அவன் நாரு இவன்கிட்ட. இதுல ஒருத்தன ஒருத்தன் தொட்ட அடையாளமே இல்லையே."

"ஆனால் மாவு இருக்கிறது. அயோடின் வைத்துப் பார்த்தேன். நீலமாகிறது."

துளசிமணி உரித்த முகத்தில் விரலைத் தேய்த்து நாக்கில் வைத்தாள். முன்பற்களுக்கிடையே எதையோ நெரித்துப் பார்த்தாள்.

"இருக்குதுங்க" என்றாள். "வேகலை."

மேலாளரும் விரலைத் தேய்த்து நாக்கில் வைத்தார். முப்பது வருடப் பணியில் அவர் அட்டையைச் சுவைத்ததில்லை. பல்லில் மாவு நறநறவென்றது. மாவு மில்லில் வாய் திறந்து நின்றது போலிருந்தது.

"எப்படி வேகாமல் இருக்கும்? நீராவி முழு அழுத்தத்தில் இருக்கிறது. அந்த உருளையில் கை வைத்தால் தோல் ஒட்டிக்கொள்ளும். அவ்வளவு சூடு."

"உங்க வீட்டுல சோறு யாருங்க ஆக்குவாங்க?"

"என் மனைவி."

"அரிசிய வெறுஞ்சட்டியில போட்டு, அடுப்ப எவ்வளவு எரிச்சா வேகுமுன்னு அவங்களக் கேட்டுட்டு வாங்க."

பெண்கள் சிரித்தார்கள். தில்லைநாயகம் சிரிக்கவில்லை. கையிலிருந்த தாளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் மீண்டும் வந்தார். இந்த முறை டீ இரண்டு டம்ளர்.

"தண்ணீர் இல்லை என்கிறீர்கள்."

"நான் சொல்லலைங்க. மாவு சொல்லுது."

"தாள் ஈரமாகத்தான் வருகிறது."

"மத்தியானம் எங்க கூட சோறு திங்க வாங்க" என்றாள்.

கொட்டகைப் பெண்கள் பகல் சாப்பாட்டை இரண்டாம் மிஷினின் ஈரப் பகுதியருகே வைத்துச் சாப்பிடுவார்கள். சித்திரை வெயிலில் ஆலைக்குள் குளிர்ச்சியான இடம் அது ஒன்றுதான். வயர்கள் தலைக்குமேல் ஓட, சாரல் தெறிக்கும். துளசிமணி ஒன்பது வருடமாக அங்கே சாப்பிடுகிறாள். தயிர்ச்சோற்றை வாயில் போட்டுக்கொண்டே மேல் வயரைக் கைகாட்டினாள்.

"அந்த மினுக்குத் தெரியுதுங்களா?"

கூழ் விழுந்த இடத்திலிருந்து தாள் மேலே நின்ற தண்ணீரால் கண்ணாடிபோல் பளபளத்து ஓடியது. கொஞ்ச தூரம் போனதும் பளபளப்பு சட்டென்று அணைந்தது. அங்கிருந்து தாள் மங்கலாக, வெறும் தாளாக, மீதி வழியைக் கடந்து மற்ற அடுக்குகளைச் சந்திக்கப் போயிற்று.

"தெரிகிறது. வயரின் நடுவில் முடிகிறது."

"போன ஆடி வரைக்கும் அந்தத் தூணுக்கு நேரா முடியும். சேர்ற எடத்துக்கு ரெண்டு எட்டு முன்னால. ஆவணியில இருந்து பாதி வழியிலயே முடிஞ்சு போயிருது."

தில்லைநாயகம் கையிலிருந்த சோற்று உருண்டையை இலையில் வைத்தார்.

ஆவணியில்தான் வேக்கம் பெட்டிகள் வந்தன. வயருக்கடியிலிருந்து தண்ணீரை உறிஞ்சி இழுக்கும் பெட்டிகள். அவர்தான் கேட்டு வாங்கினார். ஒவ்வோர் அடுக்கும் தன் வேலையைக் குறையில்லாமல் முடித்துக்கொண்டுதான் அடுத்ததைச் சந்திக்க வேண்டும் என்பது அவருடைய கொள்கை. பெட்டிகளுக்குப் பூசணிக்காய் உடைத்துப் பூஜை போட்டார்கள். அவருக்கு மாலையும் போட்டார்கள். தனக்கு மாலை வாங்கித் தந்த பொருளைச் சந்தேகிப்பதற்கு எந்தப் பல்கலைக்கழகத்திலும் பாடத்திட்டம் கிடையாது.

"ஏன் முன்பே சொல்லவில்லை?"

"டீ வாங்கிட்டு வந்து கேட்டது நீங்கதானுங்களே மொதல்ல."

அவர் மறுபடி உருண்டையை எடுத்தார். மெதுவாக மென்றார்.

"பெட்டியை மூடினால் தாள் தண்ணீரோடு உருளைக்குள் போகும். நசுங்கும். கிழியும்."

"கிழியுமுங்க" என்று ஒத்துக்கொண்டாள்.

"வெள்ளிக்கிழமை ஆள் வருகிறார்."

"அதுவும் வருமுங்க."

புதன்கிழமை காலை மிஷினில் வெள்ளிங்கிரி நின்றான். இரண்டாம் மிஷினை ஓட்டுபவன். கோபம் வந்தால் மிஷினோடு மட்டும் பேசுபவன். மேலாளர் மேல் வயரின் பெட்டிகளை மூடச் சொன்னார்.

"எத்தனைய சார்?"

"எல்லாவற்றையும்."

வெள்ளிங்கிரி மிஷினைத் தட்டிக்கொடுத்தான். "கேட்டுக்க. உன்னைய இரும்புக் கடைக்குப் போடறதுக்கு முன்னாடி குளிப்பாட்டிப் பாக்கறாங்க."

மூடினார்கள். உருளையின் வாயில் தண்ணீர் குளமாகத் தேங்கியது. தாள் நசுங்கி, கூழாகி, தொப்பென்று விழுந்தது. மறுபடி ஓட்டினார்கள். மறுபடி விழுந்தது. தரையெல்லாம் கூழ். முதலாளி மாடிப்படியில் வந்து நின்று பார்த்தார். திரும்பி உள்ளே போனார்.

தில்லைநாயகம் கால்சட்டையை முட்டிவரை சுருட்டிக்கொண்டு துளசிமணியைத் தேடிப் போனார். டீ வாங்க மறந்துவிட்டார். அவளும் கேட்கவில்லை.

"விழுந்துவிட்டது."

"பாத்தேனுங்க. எதுக்கு எல்லாத்தையும் மூடுனீங்க?"

"நீங்கள்தானே ஈரம் வேண்டும் என்றீர்கள்?"

"சட்டியில தண்ணி வேணுமின்னா கெணத்துலயா தூக்கிப் போடுவாங்க?"

அவர் திரும்பி வந்தார். இந்த முறை கட்டுப்பாட்டு அறைக்குப் போகவில்லை. ஏணியில் ஏறி, மேல் வயரின் பக்கத்தில் உட்கார்ந்தார். துளசிமணி கீழே தூணருகே நின்றாள். வெள்ளிங்கிரி வால்வில் கை வைத்தான். முதல் பெட்டியைத் திறந்தான். மினுக்கு உருளைவரை ஓடியது.

"அதிகம்" என்றார் மேலாளர்.

இரண்டாவதைப் பாதி திறந்தான். மினுக்கு ஓர் எட்டுப் பின்வாங்கியது. இன்னும் கொஞ்சம் திறந்தான். துளசிமணி கையைத் தூக்கினாள்.

"அங்கயே நிக்கட்டுமுங்க."

பளபளப்பு தூணுக்கு நேராக வந்து அணைந்தது. தாள் இரண்டு எட்டு நடந்தது. சந்தித்தது. நசுங்கவில்லை. கிழியவில்லை. வெள்ளிங்கிரி வால்விலிருந்து கையை எடுக்காமல் நின்றான், எடுத்தால் விழுந்துவிடும் என்பதுபோல. அரைமணி நேரம் கழித்துத்தான் எடுத்தான்.

பிறகு கீழ் வயர், நடு வயர். வியாழன் மாலைவரை ஓடியது. அன்று துளசிமணியின் சாக்கட்டிக்கு வேலை இருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வாங்குபவரின் ஆய்வாளர் வந்தார். மெலிந்த மனிதர். பையில் ஓர் ஒட்டுநாடாச் சுருள், ஒரு பேனாக்கத்தி. அட்டையின்மேல் நாடாவை ஒட்டி, கட்டைவிரலால் நன்றாக அழுத்தி, வெடுக்கென்று இழுத்தார். நாடா வந்தது. அதில் நாலைந்து நார் மட்டும் ஒட்டியிருந்தது.

இன்னோர் அட்டை. இன்னோர் இழுப்பு. அப்படியே.

ஆய்வாளர் சட்டைக் கையை மடக்கினார். மூலையைக் கத்தியால் கீறி நகத்தால் நெம்பினார். நகம் உடைந்தது. "உப்" என்று விரலை வாயில் வைத்துக்கொண்டார்.

"நான் ஒரு பக்கம் புடிக்கறனுங்க, நீங்க ஒரு பக்கம் இழுங்க" என்றான் வெள்ளிங்கிரி.

இழுத்தார்கள். கீறிய மூலையை ஆளுக்கொரு அடுக்காகப் பிடித்து, கோயில் தேர் வடம்போல் பின்னால் சாய்ந்து இழுத்தார்கள். அட்டை குறுக்காகக் கிழிந்தது. அடுக்கடுக்காகப் பிரிய மறுத்துவிட்டது. கிழிந்த ஓரத்தில் ரோமம் ரோமமாக நார் நின்றது. கொட்டகைப் பெண்கள் வரிசையாக வந்து ஆளுக்கொன்று பிரித்துப் பார்த்தார்கள். யாராலும் முடியவில்லை. முடியாததில் அவர்களுக்கு அவ்வளவு சந்தோஷம். ஒருத்தி பல்லால் கடித்துப் பார்த்தாள். முதலாளியும் ஒன்றை வாங்கினார். இழுத்தார். முகம் சிவந்தது. அட்டையைக் கீழே வைத்துவிட்டு ஆய்வாளரைப் பார்த்தார்.

"வேற ஏதாச்சும் பாக்கோணுங்களா?"

"இல்லைங்க. கையெழுத்துப் போடப் பேனா குடுங்க. விரல்தான் வலிக்குது."

இரண்டாம் மிஷின் ஓடிக்கொண்டே இருந்தது. வெள்ளிங்கிரி அதனிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். இரைச்சலில் யாருக்கும் கேட்கவில்லை. நாற்பது பேரும் ஒரே நேரத்தில் பேசியதால் அவனுக்கும் கேட்டிருக்காது.

பிற்பகல் தில்லைநாயகம் ஒரு குறிப்பேட்டுடன் தூணருகே வந்தார். துளசிமணி டிபன் டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"ஓர் அளவு சொல்லுங்கள். எழுதி, மூன்று ஷிப்டுக்கும் மாட்டிவிடுகிறேன்."

"எதுக்குங்க அளவு?"

"சேரும் இடத்துக்கு வரும்போது ஓர் அடுக்கில் எவ்வளவு ஈரம் இருக்க வேண்டும்?"

அவள் டப்பாவை உதறினாள். மேலே ஓடிய மினுக்கை ஒருமுறை பார்த்தாள்.

"அடுத்ததுக்குக் குடுக்கறதுக்குக் கொஞ்சம் மிச்சம் இருக்கோணுங்க."

தில்லைநாயகத்தின் பேனா தாளைத் தொட்டபடி நின்றது. 

திங்கட்கிழமை ஆலையின் ரசாயனக் கூடத்துக்கு இரண்டாவது சாவி ஒன்று வெட்டப்பட்டது. அது தரம் பிரிக்கும் கொட்டகையில், துளசிமணி நிற்கும் இடத்தருகே ஓர் ஆணியில் தொங்கியது.