எண்டர் தட்டின கவிதை

தனக்குத்தானே ‘கவிவேங்கை’ பட்டம் கொடுத்துக்கொண்ட அரங்கநம்பி, அச்சகத்துக்குள் உறுமிக்கொண்டு வந்தார். அங்கே புதிதாகப் போட்ட மென்பொருளில் ஒரு கோளாறு. உடைத்து எழுதிய வரிகளை அதுவாகவே ஒட்டிப் பத்தியாக்கிவிடும். அவருடைய காதல் கவிதைகள் மொத்தமும் கட்டுரையாகிவிட்டன.

தட்டச்சு செய்த பூங்காவனத்தின் மேல் அங்கேயே ஒரு புகார்க் கடிதம் எழுதி நீட்டினார். முதலாளி அதைப் படித்துவிட்டு அவள் மேஜையில் வைத்தார். “ஐயா திருப்திப்பட்டாத்தான் நாளைக்கு உனக்கு வேலை.”

“எந்த வரி எங்கே உடையுதுன்னு சொல்லுங்க ஐயா, சரிபண்ணிடறேன்,” என்றாள் பூங்காவனம்.

“அதை நான் வேற சொல்லணுமா? படிச்சாலே தெரியும், அது கவிதை!”

பத்தே நிமிடத்தில் அவள் பழைய மென்பொருளில் அடித்து ஒரு தாளை நீட்டினாள். கவிவேங்கை குரல் தழுதழுக்க வாசித்தார்.

“முப்பது வருடம்
தவமிருந்தேன்
ஒரே நாளில்
என்னை
நொறுக்கிவிட்டாள்…

ஆஹா! இதுதான் என் கவிதை! ஓர் எழுத்துகூடப் பிசகலை!”

“பின்பக்கமும் இருக்குங்க ஐயா.”

திருப்பினார்.

“அவளை
உடனே
வேலையைவிட்டு
எடுக்கவும்…”

“உங்க புகார்க் கடிதம்தான் ஐயா,” என்றாள் பூங்காவனம். “நான் எண்டர் மட்டும்தான் தட்டினேன்.”